பெட்டிக்குள் சாம்பல் எழுத்தில் பெயர் இருக்கும்போது லேபிள் தனியாக எதற்கு?

வாசகர் கேள்வி, 4 மே 2025

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு தங்கும் விடுதிக்கு முன்பதிவுப் படிவம் செய்துகொண்டிருக்கிறேன். கோடை விழாக் கூட்டம் வருவதற்குள் முடித்தாக வேண்டும். பெயர், கைபேசி எண், வரும் தேதி, புறப்படும் தேதி, எத்தனை பேர் ஆகிய ஐந்தையும் அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே பிளேஸ்ஹோல்டராக, அதாவது தட்டச்சிடத் தொடங்கியதும் மறைந்துவிடும் எழுத்தாக, சாம்பல் நிறத்தில் எழுதிவிட்டேன். கைபேசித் திரையில் இடம் மிச்சமாகிறது. பார்க்கவும் நன்றாக இருக்கிறது. அதற்கு மேலும் ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் வைத்தே தீர வேண்டும் என்பது தேவையற்ற வற்புறுத்தல் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லவும்.

4 மே 2025, இரவு

காரணம் சொல்கிறேன். சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் என் அத்தை பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிக்கணினியில் என்விடிஏ, கைபேசியில் டாக்பேக் என்று, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் இரண்டு திரைவாசிப்பான்களை நாள் முழுவதும் பயன்படுத்துகிறார். நான் ஐந்து ரோடு அருகே சிறிய அலுவலகம் வைத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இணையதளங்கள் செய்து வருகிறேன். அப்படி இருந்தும், நான் செய்த படிவம் ஒன்றை அவரிடம் கொடுத்து நிரப்பச் சொன்னது சென்ற ஆண்டு பொங்கலுக்குப் பிறகுதான்.

அது செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்கும் ஒரு கடைக்கான ஆர்டர் படிவம். அத்தை டேப் விசையை அழுத்தியதும் என்விடிஏ "எடிட், பிளாங்க்" என்றது. அடுத்த பெட்டிக்கும் "எடிட், பிளாங்க்" என்றது. ஏழு பெட்டிகளுக்கும் அதையே சொன்னது. "ஏங்கண்ணு, பொட்டி ஏழு இருக்குதுன்னு தெரியுது. எதுல என்னத்தப் போடறதுன்னு சொல்லவே மாட்டேங்குதே" என்றார். திரையில் ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் "பெயர்", "முகவரி", "கொலுசின் அளவு" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆனால் அவற்றை நான் வெறும் பத்திகளாக எழுதியிருந்தேன். எந்தப் பெட்டியோடும் கட்டவில்லை.

கண்ணால் பார்ப்பவர், பக்கத்தில் இருப்பதை வைத்தே இது இதற்கு உரியது என்று புரிந்துகொள்கிறார். டேப் விசையில் பெட்டி விட்டுப் பெட்டி தாவிச் செல்பவருக்கு அந்தப் பக்கத்து எழுத்து தட்டுப்படுவதே இல்லை. லேபிள் குறியில் "ஃபார்" என்று எழுதி, பெட்டிக்கு நிரலில் வைத்த அடையாளப் பெயரான ஐடியை எழுத்துப் பிசகாமல் அதில் கொடுத்தால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று உரியவை என்பது உலாவிக்குத் தெரியும். அல்லது பெட்டியையே லேபிள் குறிக்குள் அடக்கிவிடலாம். இந்தக் குறி 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 காலத்திலிருந்து இருக்கிறது. பிளேஸ்ஹோல்டரைத் திரைவாசிப்பான் படிக்காது. ஆகவே உங்கள் படிவம் என் அத்தைக்கு ஐந்து பெயரில்லாப் பெட்டிகளாகத்தான் இருக்கும்.

5 மே 2025, காலை

நேற்று எழுதியதில் ஒரு வாக்கியம் தவறு. பிளேஸ்ஹோல்டரை என்விடிஏ படிக்கத்தான் செய்கிறது என்று இரண்டு பேர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இன்று காலை குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் சோதித்தேன். அவர்கள் சொல்வதே சரி.

ஒரு பெட்டிக்குப் பெயர் எது என்று முடிவு செய்ய உலாவிகளுக்கு ஒரு வரிசை முறை இருக்கிறது. இணையப் பக்கத்தில் உள்ள வேறோர் எழுத்தைப் பெயராகச் சுட்டும் ஏரியா-லேபிள்ட்பை இருந்தால் அதுவே பெயர். அது இல்லையென்றால், திரையில் தெரியாமல் நிரலிலேயே பெயரை எழுதும் ஏரியா-லேபிள். அதுவும் இல்லையென்றால் லேபிள் குறி. அதன் பிறகு டைட்டில். இவை ஒன்றுமே கிடைக்காதபோதுதான், வேறு வழியில்லாமல், பிளேஸ்ஹோல்டரை எடுத்துப் பெயராக வைத்துக்கொள்கிறது. கேள்வி கேட்டவரின் படிவத்தில் அந்தக் கடைசி வழி வேலை செய்கிறது. உங்கள் ஐந்து பெட்டிகளையும் பெயரில்லாதவை என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

பிளேஸ்ஹோல்டரை லேபிளுக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது என்று எச்டிஎம்எல் வரையறையிலேயே எழுதியிருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன். ஏன் என்பதை மாலையில் எழுதுகிறேன்.

5 மே 2025, மாலை

காலையிலிருந்து யோசித்ததில், பிளேஸ்ஹோல்டரால் முதலில் அடிபடுபவர் என் அத்தை அல்லர், என் அப்பா என்று தோன்றுகிறது. அவருக்கு ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்திருக்கிறது, இன்னொன்று காத்திருக்கிறது. திரைவாசிப்பான் அவருக்குத் தேவைப்படவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு படிக்கிறார்.

சென்ற மாதம் இரத்தப் பரிசோதனைக்காக ஒரு பரிசோதனைக் கூடத்தின் படிவத்தைக் கைபேசியில் நிரப்பினார். அதில் எல்லாப் பெயர்களும் பெட்டிக்குள்ளேதான் இருந்தன. முதல் பெட்டியைத் தொட்டவுடன் உலாவி, முன்பு சேமித்து வைத்திருந்த விவரங்களைக் கொண்டு எல்லாப் பெட்டிகளையும் ஒரே நொடியில் நிரப்பிவிட்டது. நிரம்பியதும் சாம்பல் எழுத்துகள் அனைத்தும் மறைந்துவிட்டன. இரண்டு பெட்டிகளில் இரண்டு கைபேசி எண்கள் நின்றன. ஒன்று அப்பாவுடையது, ஒன்று என்னுடையது. எது நோயாளியின் எண்ணுக்கான பெட்டி, எது உடன் வருபவரின் எண்ணுக்கான பெட்டி என்று பார்க்க வேண்டுமானால், நிரம்பிய எண்ணை அழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்பா ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்து, மறுபடியும் தட்டச்சிட்டு, பாதியில் கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டார். முடிவு அறிவிக்கும் குறுஞ்செய்தி இறுதியில் வேறு எண்ணுக்குப் போனது.

நிறத்தையும் பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு இருக்க வேண்டும் என்பது இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிமுறைகளில் நடைமுறையாளர்கள் பொதுவாக இலக்காகக் கொள்ளும் இரண்டாம் நிலை அளவு. வெள்ளைப் பின்னணியில் வடிவமைப்பாளர்கள் விரும்பிப் போடும், நிறக் குறியீட்டில் ஏஏஏ என்று எழுதும் வெளிர் சாம்பலுக்கு அந்த விகிதம் ஏறத்தாழ 2.3 தான் வருகிறது. நிறத்தை அடர்த்தியாக்கினால் சரியாகிவிடுமே என்பீர்கள். அடர்த்தியாக்கினால், பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருப்பதாக நினைத்து அப்பா அடுத்ததற்குப் போய்விடுகிறார். இரண்டு பக்கமும் இடிக்கிறது. பெட்டிக்கு மேலே, எப்போதும் மறையாமல் நிற்கும் லேபிள் ஒன்றுதான் இதற்கு வழி. பிளேஸ்ஹோல்டரில் எடுத்துக்காட்டு வேண்டுமானால் கொடுக்கலாம். அதுவும் இல்லாமல் இருப்பதே எனக்கு நிம்மதி.

6 மே 2025

பார்வைக்குத் தெரியாமல் மறைத்து லேபிள் வைத்துவிட்டால் இரண்டு தரப்பும் நிறைவடையுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் அத்தை நிறைவடைவார். என் அப்பா மாட்டார். தேடுபெட்டி ஒன்று தனியாக நின்று, பக்கத்திலேயே "தேடு" என்ற பொத்தானும் இருந்தால் மறைத்த லேபிள் போதும். முன்பதிவுப் படிவத்துக்குப் போதாது.

இன்னொரு பயனையும் சொல்ல விட்டுவிட்டேன். நாகலூரில் மிளகும் காப்பியும் வைத்திருக்கும் அப்பாவின் நண்பர் ஒருவருக்குக் கை நடுக்கம் உண்டு. "விதிமுறைகளை ஏற்கிறேன்" என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு சதுரத்தைத் தொட அவர் நாலைந்து முறை முயல்வதைப் பார்த்திருக்கிறேன். லேபிளைச் சரியாகக் கட்டியிருந்தால் அந்தச் சொற்களின் மீது எங்கே தொட்டாலும் சதுரத்தில் டிக் விழும். 2023 அக்டோபரில் வந்த, அதே அணுகல் நெறிமுறைகளின் 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. கட்டிய லேபிள், ஒரு வரி எழுத்து முழுவதையுமே தொடும் இடமாக்கித் தருகிறது. இதற்குத் திரைவாசிப்பானே வேண்டியதில்லை. உங்கள் படிவத்தில் லேபிள் கட்டியிருக்கிறதா என்று அறியவும் இதுவே எளிய சோதனை: பெட்டியைத் தொடாமல் பெயரைத் தொடுங்கள். பெட்டிக்குள் கர்சர் வந்து நின்றால் கட்டியிருக்கிறது.

9 மே 2025

லேபிள் கட்டிவிட்டேன், ஆயினும் இரண்டாவது விருந்தினரின் பெட்டி பேசவில்லை என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அவர் அனுப்பிய நிரலைப் பார்த்தேன். நானும் ஒரு காலத்தில் செய்த அதே தவறு அது.

முதல் விருந்தினருக்கான பகுதியை அப்படியே நகலெடுத்து இரண்டாவது விருந்தினருக்கு ஒட்டியிருக்கிறார். ஐடியை மாற்றவில்லை. ஒரு பக்கத்தில் ஒரு ஐடி ஒரு முறைதான் வரலாம். இரண்டு முறை வந்தால் இரண்டு லேபிள்களும் முதல் பெட்டிக்கே போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் முதல் பெட்டி "பெயர் பெயர்" என்று இருமுறை சொல்கிறது. இரண்டாவது ஒன்றுமே சொல்லவில்லை. திரையில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஐடியின் கடைசியில் 1, 2 என்று எண் சேருங்கள். லேபிளிலும் "முதல் விருந்தினர் பெயர்", "இரண்டாம் விருந்தினர் பெயர்" என்று முழுமையாக எழுதுங்கள். வெறும் "பெயர்" என்றால் யாருடைய பெயர் என்று மறுபடியும் கேள்வி வரும்.

இது புதியவர்கள் மட்டும் செய்யும் தவறு என்று யாரும் நினைக்க வேண்டாம். வெப்எய்ம் என்னும் அமெரிக்க அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதித்து வருகிறது. அவற்றில் ஏறத்தாழப் பாதியில், பெயர் கட்டாத படிவப் பெட்டி ஒன்றேனும் இருக்கிறது.

11 மே 2025, ஞாயிறு

இன்று அத்தை வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கேள்வி கேட்டவர் தம் சோதனைப் பக்கத்தின் முகவரியை அனுப்பியிருந்தார். அவருடைய அனுமதியோடு, அத்தை அதை முதலிலிருந்து கடைசி வரை நிரப்பிப் பார்த்தார். நான் எதையும் சொல்லித்தராமல், அவர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

பெயர், கைபேசி எண் இரண்டும் தடையில்லாமல் முடிந்தன. மூன்றாவதாக வந்தது, விடைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் ரேடியோ பட்டன். என்விடிஏ "ஆம், ரேடியோ பட்டன்" என்றது. அடுத்து "இல்லை, ரேடியோ பட்டன்" என்றது. அத்தை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எதுக்கு ஆமாங்கறது, கண்ணு?" என்றார். கேள்வி "காப்பித் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க விருப்பமா?" என்பது. அதைப் பொத்தான்களுக்கு மேலே தடித்த எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் லேபிள் கட்டியிருந்தது; கேள்விக்கு ஒன்றும் கட்டவில்லை. இந்த இடத்தில் லேபிள் மட்டும் போதாது. இரண்டு பொத்தான்களையும் ஃபீல்ட்செட் என்னும் குறிக்குள் அடைத்து, கேள்வியை லெஜண்ட் குறியில் எழுத வேண்டும். அங்கேயே மாற்றிப் பார்த்தோம். அதற்குப் பிறகு, முதல் பொத்தானுக்குள் நுழையும்போதே கேள்வி முழுவதையும் படித்துவிட்டு ஆம் என்பதற்கு வந்தது. சைவமா அசைவமா என்ற கேள்விக்கும் அப்படியே செய்தோம்.

அடுத்தது வரும் தேதி. பெட்டிக்குக் கீழே "நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதவும்" என்ற குறிப்பு இருந்தது. அத்தைக்கு அது கேட்கவே இல்லை. படிவத்தை நிரப்பும்போது அவர் டேப் விசையில் போகிறார்; பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் கிடக்கும் பத்தி அந்தப் பாதையில் வராது. குறிப்பைத் தேட வேண்டுமானால் எஸ்கேப் அழுத்தி, உலாவும் முறைக்குத் திரும்பி, கீழ் அம்புக்குறியில் ஒவ்வொரு வரியாக இறங்க வேண்டும். அங்கே ஒரு குறிப்பு இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதைச் செய்வார்? குறிப்பின் ஐடியை ஏரியா-டிஸ்கிரைப்ட்பை மூலம் பெட்டியில் சேர்த்தோம். பெயரைச் சொன்ன பின் குறிப்பையும் சொன்னது. நட்சத்திரக் குறியிட்டவை கட்டாயம் என்ற அறிவிப்போ, படிவத்தின் கடைசியில், அனுப்பும் பொத்தானுக்குக் கீழே இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு வரும் அந்த அறிவிப்பால் யாருக்கும் பயன் இல்லை. அதை முதல் பெட்டிக்கு முன்னே கொண்டுவந்து, ஒவ்வொரு லேபிளிலும் "கட்டாயம்" என்று எழுத்திலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு தமிழ்ச் சிக்கல். பக்கத்தின் தலையில் மொழி "ஆங்கிலம்" என்றே இருந்தது. வாங்கிய டெம்ப்ளேட்டில் அப்படி வந்திருக்கிறது, யாரும் மாற்றவில்லை. என்விடிஏ பக்கத்தின் மொழிக்குறியைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொள்ளும். குறி ஆங்கிலம் என்றதால் ஆங்கிலக் குரலே தமிழ் லேபிள்களிடம் வந்து தடுமாறியது. சொல்லாக எதுவும் காதில் விழவில்லை. அத்தை முன்பே குரலைத் தமிழுக்கு வைத்துப் பழகியிருந்ததால் கையால் மாற்றிச் சமாளித்தார். மொழிக்குறியை "டிஏ" என்று மாற்றியதும் தானாகவே தமிழில் படித்தது. இரண்டே எழுத்து. இதை மாற்றாமல் விட்டால், மற்ற அனைத்தையும் சரியாகச் செய்திருந்தும் பயனில்லை.

இது பற்றிப் பேசும்போது அத்தை பழைய கதை ஒன்றைச் சொன்னார். யூனிகோடு பரவாத காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் செய்த பக்கங்கள் இன்னும் அங்கங்கே இருக்கின்றன. பாமினியில் "பெயர்" என்று தட்டச்சிட்டால் கணினிக்குள் பதிவது என், ஜி, ஏ, யூ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவமாக வரைந்து கண்ணுக்குக் காட்டுகிறது. திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே பதிந்திருப்பதைத்தான் படிக்கிறது. "பேரு கேக்குதா, ஊரு கேக்குதான்னே தெரியாம, பக்கத்து வீட்டுப் பொண்ணக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேப்பேன்" என்றார் அத்தை. அந்தப் படிவம் ஓய்வூதியம் தொடர்பானது. தம் வங்கிக் கணக்கு எண்ணைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லி எழுதவைக்க வேண்டியிருந்தது என்பதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. எனக்கு இதற்கு முன் இதை அவர் சொன்னதில்லை.

13 மே 2025

இந்த இழையில் ஓரிடத்திலும் எழுதவில்லை என்றாலும், வாடிக்கையாளர்களுக்கும் எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கும் நான் பல முறை சொன்ன ஓர் அறிவுரையை இங்கே திருத்த வேண்டும். லேபிள் வைக்க இடமில்லையென்றால் ஏரியா-லேபிள் எழுதிவிடுங்கள், அது போதும் என்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஏரியா-லேபிள் யார் கண்ணுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை யாரும் சரிபார்ப்பதில்லை. கொலுசுக் கடைப் படிவத்தில் ஒரு பெட்டியின் தலைப்பைக் "கால் சுற்றளவு" என்று மாற்றினோம். உள்ளே இருந்த ஏரியா-லேபிள் "மணிகளின் எண்ணிக்கை" என்ற பழைய பெயரிலேயே ஐந்து மாதம் கிடந்தது. முதலில் சொன்ன வரிசை முறையை நினைத்துப் பாருங்கள்: ஏரியா-லேபிள் இருந்தால் லேபிள் குறியை உலாவி பொருட்படுத்தாது. பார்ப்பவர் ஒன்றைப் படித்தார், கேட்பவர் வேறொன்றைக் கேட்டார். அந்த ஐந்து மாதத்தில் யாரேனும் கால் அளவுக்குப் பதில் மணிக் கணக்கை எழுதி அனுப்பியிருப்பார்களோ என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

குரலால் கட்டளையிடுபவர்களுக்கும் இதே தொல்லைதான். பொத்தானில் "அனுப்பு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அவர் "அனுப்பு" என்கிறார். உள்ளே "படிவத்தைச் சமர்ப்பிக்க" என்று ஏரியா-லேபிள் இருந்தால் பொத்தான் அசையாது. கண்ணுக்குத் தெரியும் சொற்கள் உள்ளே இருக்கும் பெயரிலும் இடம்பெற வேண்டும் என்று 2018-இல் வந்த 2.1 பதிப்பு விதித்ததற்குக் காரணம் இதுவே. படக்குறி மட்டும் உள்ள பொத்தானுக்கு ஏரியா-லேபிள் சரி. எழுத்து தெரியும் இடத்தில் அந்த எழுத்தையே பெயராகக் கட்டுங்கள்.

17 மே 2025

கட்டுவது பற்றி நிறைய எழுதிவிட்டேன். என்ன சொல்லால் அழைப்பது என்பது அதைவிடக் கடினம் என்று இப்போது படுகிறது.

கேள்வி கேட்டவரின் படிவத்தில் "முதற்பெயர்", "கடைசிப் பெயர்" என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் இருக்கின்றன. சேலத்தில் யாருக்குக் கடைசிப் பெயர் இருக்கிறது? நமக்கு இனிஷியல் இருக்கிறது. அது தந்தை பெயரின் முதல் எழுத்து. சிலர் தாய் பெயரின் எழுத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள். அத்தை தம் பெயரை முதல் பெட்டியில் எழுதிவிட்டு, இரண்டாவது பெட்டியில் இனிஷியலை ஒற்றை எழுத்தாகப் போட்டார். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று படிவம் திருப்பி அனுப்பியது. லேபிள் கட்டியிருந்தது, குறிப்பும் கட்டியிருந்தது. ஆனால் பெயரே நம் ஊர்ப் பெயர் முறைக்கு ஒட்டாததாக இருந்தது. "முழுப் பெயர் (இனிஷியலுடன்)" என்று ஒரே பெட்டி போதும். பெட்டியில் எந்த விவரம் வரும் என்று உலாவிக்குச் சொல்லும் ஆட்டோகம்ப்ளீட்டில் "நேம்" என்று கொடுத்துவிட்டால் உலாவியும் சரியாக நிரப்பும்.

"அஞ்சல் குறியீட்டு எண்" என்று எழுதியிருந்ததைப் "பின்கோடு" என்று மாற்றச் சொன்னேன். ஒரு வாசகர் இதைத் தமிழுக்குச் செய்யும் அநீதி என்கிறார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. கலைச்சொற்களை விரும்பிப் பயன்படுத்துபவன்தான் நானும். ஆனால் 1972 முதல் இந்த ஆறு இலக்க எண்ணை நம் ஊரில் கடிதம் எழுதுபவர் முதல் கூரியர் கொண்டுவருபவர் வரை எல்லோரும் பின்கோடு என்றே அழைக்கிறார்கள். திரையைக் கண்ணால் பார்ப்பவருக்கு, பழக்கமில்லாத சொல் வந்தால், அதன் பக்கத்தில் ஆறு கட்டங்கள் இருப்பதைப் பார்த்து ஊகிக்க முடிகிறது. காதால் மட்டும் கேட்பவருக்கு அந்த ஊகம் கிடைக்காது. சொல்தான் முழுத் துணை. கைபேசியா, அலைபேசியா, மொபைலா, செல் நம்பரா என்று அத்தையிடம் கேட்டேன். எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஒரு பக்கத்தில் ஒன்று, மறுபக்கத்தில் இன்னொன்று என்று மாற்றாமல் இருந்தால் போதும் என்றார்.

18 மே 2025

விடுதி உரிமையாளர் இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறதா என்று கேட்கிறாராம். இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 46-ஆவது பிரிவு அரசு, தனியார் இரு தரப்புச் சேவை வழங்குநர்களையும் அணுகல் விதிகளுக்கு உட்படுத்துகிறது. தகவல் தொழில்நுட்பத்துக்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலையும் உண்டு. சென்ற மாதம் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மின்னணு முறையில் வாடிக்கையாளரின் அடையாளம் சரிபார்க்கும் நடைமுறைகள் குறித்த வழக்கில், இணைய வழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியிருக்கிறது. பார்வையற்றவர்களும் ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் தொடுத்த வழக்கு அது. உரிமையாளரிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே என் அத்தை வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லி எழுதவைத்ததையும் சொல்லுங்கள்.

24 மே 2025

பிழைச் செய்திகளைப் பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். பெட்டியின் ஓரத்தைச் சிவப்பாக்கினால் மட்டும் போதாது. அத்தைக்குச் சிவப்பு கேட்காது. அந்தப் பெட்டிக்கு, பிழை இருப்பதைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ஏரியா-இன்வேலிட் கொடுத்து, பிழைச் செய்தியைக் குறிப்பைப் போலவே பெட்டியோடு கட்டி, அனுப்பியவுடன் பிழையுள்ள முதல் பெட்டிக்குக் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். செய்தியிலும் "தவறான மதிப்பு" என்று எழுதாமல், "புறப்படும் தேதி, வரும் தேதிக்குப் பிறகு இருக்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

ஓடிபி எண்ணுக்கு ஆறு தனித்தனிச் சிறு பெட்டிகள் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆறுக்கும் ஆறு பெயர் வேண்டும், நகலெடுத்து ஒட்டினால் ஒன்றில்தான் விழும், அழிக்க வேண்டுமென்றால் ஆறு முறை பின்னே போக வேண்டும். அத்தை இதைச் செய்து முடிப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடுகிறது. இரண்டு முறை என் கண் முன்னே ஆனது. ஒரே பெட்டி, ஒரே லேபிள், ஆட்டோகம்ப்ளீட்டில் "ஒன்-டைம்-கோடு". அவ்வளவே.

1 ஜூன் 2025, ஞாயிறு

கேள்வி கேட்டவர் திருத்திய படிவத்தை வெள்ளிக்கிழமை வெளியிட்டார். பெட்டிகளுக்கு மேலே லேபிள்கள் நிற்கின்றன. கைபேசித் திரையில் படிவம் மூன்று விரற்கடை நீண்டிருக்கிறது என்கிறார். இன்று காலை அத்தை அதில் தம் தோழிக்கும் தமக்கும் இரண்டு நாளுக்கு அறை பதிவு செய்தார். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்க எனக்குத் தலை சுற்றும் என்பதால் அவர்கள் பேருந்திலேயே போகிறார்களாம். படிவத்தை நிரப்பும்போது நான் அடுத்த அறையில் இருந்தேன். பெயர், கைபேசி எண், இரண்டு தேதிகள், தோட்டம் பற்றிய கேள்வி எல்லாம் வரிசையாகக் கேட்டன.

"எத்தனை பேர்" என்ற பெட்டியில் நின்றுவிட்டார். பெட்டிக்குப் பெயர் இருக்கிறது. அதன் இருபுறமும் இருக்கும் கூட்டல், கழித்தல் குறிகளுக்கு இல்லை. இரண்டும் "பட்டன்", "பட்டன்" என்கின்றன. முதலாவதை அழுத்தியதில் இரண்டு பேர் ஒருவராகிவிட்டார்கள். இவை படக்குறி மட்டும் உள்ள பொத்தான்கள் என்பதால் 13-ஆம் தேதி நான் சொன்ன விலக்கு இங்கே பொருந்தும்: ஏரியா-லேபிளில் "ஒருவரைக் கூட்டு", "ஒருவரைக் குறை" என்று எழுதிவிடுங்கள். அழுத்திய பின் எண்ணிக்கை எவ்வளவு ஆனது என்பதையும் சொல்ல வேண்டும் என்று அத்தை கேட்கிறார். அதற்கு, திரையில் மாறுவதை உடனே படிக்கச் செய்யும் ஏரியா-லைவ் வேண்டும். செவ்வாய்க்கிழமை எழுதிப் பார்த்துவிட்டு நிரலை இங்கே இடுகிறேன்.